எனார்சி 300-410: விபிஎன் 20 சதவீதத்தை எடுத்தது எம்டியூ ஒன்றுதான்

சிஸ்கோவின் எனார்சி (நெட்வொர்க் ரவுட்டிங் தேர்வு) பாஸ். 300 டாலர், அதுவும் கைக்காசு. பாஸானால் திருப்பித் தருகிறோம் என்று ஆபீஸில் சொன்னவர்கள் இப்போது பாலிசியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். போகட்டும்.

90 நிமிடம், முடித்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். டம்ப் (கசிந்த கேள்விகள்) கேட்காதீர்கள். என்ன கேள்வி வந்தது என்றும் கேட்காதீர்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். நான் சொல்ல வந்தது தேர்வில் 20 சதவீதமான விபிஎன் பகுதி பற்றி மட்டும்; அங்கே கைகொடுத்தது எம்டியூ, அதாவது லைனில் போகக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு.

எங்களுக்கு இரண்டு ஆபீஸ்: திருப்பூரில் ஃபேக்டரி, சென்னையில் கணக்குப் பிரிவு. நடுவில் ஐபிசெக் (என்கிரிப்ஷன்) மேல் ஜிஆர்இ டனல் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் வழி). டனல் அப், பிங் சுத்தம், ஸ்பீட் டெஸ்ட்டும் காசுக்கேற்ற வேகத்தைக் காட்டும். ஆனால் ஷேர் ஃபோல்டரைத் திறந்தால் பெயர்ப் பட்டியல் வரும், ஃபைல் வராது. ரிமோட் டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டு திரை கறுப்பாக நிற்கும். லைன் கொடுத்தவர்கள் "எங்க சைடு கிளியர் சார்" என்றார்கள். உண்மையும் அதுதான்.

சின்ன பாக்கெட் போகிறது, பெரியது சாகிறது. அவ்வளவுதான் விஷயம். லைனின் எம்டியூ 1500 பைட்; அதில் ஜிஆர்இ 24 பைட்டைத் தின்றுவிடும், மிச்சம் 1476. டிஎஃப் பிட்டோடு (துண்டாக்காதே என்ற குறி) வரும் 1500 பாக்கெட்டை ரவுட்டர் கீழே போட்டுவிட்டு, 'சின்னதாக அனுப்பு' என்று ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் தகவல் சேதி) டைப் 3 கோட் 4 அனுப்பும். இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 1191-இல் 1990-லேயே எழுதிவைத்த முறை இது. பாதுகாப்பு என்ற பெயரில் யாரோ ஃபயர்வாலில் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்திருந்தால் அந்தச் சேதி பிசிக்குப் போகாது. பிசி அதே 1500-ஐத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். இது தொங்கல். தொங்காமல் மெதுவாக ஓடினால் காரணம் வேறு. 1476-இல் நுழைந்தது ஜிஆர்இ சேர்ந்து 1500 ஆகி, ஐபிசெக்கின் ஈஎஸ்பி ஹெட்டரும் ஏறியதும் லைனுக்கு மேல் போய்த் துண்டாகும். பிபிபிஓஇ லைன் (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிராட்பேண்ட்) என்றால் இடமே 1492தான். எதிர்முனை ரவுட்டர் துண்டுகளை ஒட்டிய பிறகுதான் டிக்ரிப்ட் செய்ய முடியும். சின்ன ரவுட்டரின் சிபியு அங்கே மூச்சு வாங்கும்.

டனலில் இரண்டு வரி: ஐபி எம்டியூ 1400, ஐபி டிசிபி அட்ஜஸ்ட்-எம்எஸ்எஸ் 1360 (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் டேட்டாவின் அளவு). இடையில் குறையும் அந்த 40: ஐபி ஹெட்டர் 20, டிசிபி ஹெட்டர் 20. இரண்டாவது வரி டிசிபிக்கு மட்டும்தான் உதவும், யுடிபிக்கு இல்லை. சோதிக்கும்போது ஒன்று கவனியுங்கள்: சிஸ்கோ பிங்கில் சைஸ் 1400 என்றால் ஹெட்டரும் சேர்த்து. விண்டோஸில் அதே அளவுக்கு -எஃப் -எல் 1372 போடவேண்டும். ஐபி ஹெட்டர் 20, ஐசிஎம்பி ஹெட்டர் 8. இந்த 28 புரியாமல் ஆட்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மற்றவை, வேகமாக:

- டனலின் டிஃபால்ட் பேண்ட்வித் 100 கேபிபிஎஸ். அது வேகத்தைப் பூட்டாது. ஈஐஜிஆர்பி (ரூட்டைத் தேர்ந்தெடுக்கும் புரோட்டோகால்) மெட்ரிக்கைக் கெடுத்து டிராஃபிக்கை வேறு வழியில் திருப்பும்.
- லாகில் ரிகர்டவுன் என்று வந்தால், டனல் டெஸ்டினேஷனுக்கான ரூட்டே டனல் வழியாக வருகிறது.
- டிஎம்விபிஎன் (பல கிளைகளை இணைக்கும் விபிஎன்; நடு ரவுட்டர் ஹப், கிளை ரவுட்டர் ஸ்போக்) பேஸ் 3: ஹப்பில் ரீடைரக்ட், ஸ்போக்கில் ஷார்ட்கட். ஒன்று விட்டாலும் கிளையிலிருந்து கிளைக்குப் போவது ஹப்பைச் சுற்றும். டிரேஸ்ரூட்டைப் பாருங்கள், பிங்கில் தெரியாது.
- என்கேப்ஸ் (டனலில் அனுப்பியது) ஏறுகிறது, டிகேப்ஸ் (வாங்கியது) 0: உங்கள் பக்கத்தை நோண்டாதீர்கள், எதிர்முனையையும் நடு வழியையும் பாருங்கள்.
- டிசிபி விண்டோ (பதில் வரும் முன் அனுப்பக்கூடிய அளவு) 64 கேபி, ஆர்டிடி (போய்த் திரும்பும் நேரம்) 50 மில்லிசெகண்ட் என்றால், லைன் எவ்வளவு பெரியதானாலும் ஒரு செஷனுக்கு சுமார் 10 எம்பிபிஎஸ்தான்.

அதிகாலையில் எழுந்து நோட்ஸ் எடுக்கும் ரகம் நான் இல்லை. பழைய லேப்டாப்பில் ஜிஎன்எஸ்3 (நெட்வொர்க் சிமுலேட்டர்) போட்டு, இரவில் டனலைக் கட்டி, வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பேன். 1400-ஐ 1500 ஆக்கு, ஐசிஎம்பியை அடை, என்ன சாகிறது என்று பார். வீடியோ கோர்ஸ் பார்த்துப் பாஸானவர்களும் இருக்கலாம். எனக்குப் பாதி வீடியோவில் தூக்கம் வந்துவிடும்.

ஐபிவி6 பாதுகாப்பான ஆர்ஏ கார்டு, சோர்ஸ் கார்டு பற்றி வேறு யாரிடமாவது கேளுங்கள். அந்தப் பகுதியில் எனக்கு வந்த சதவீதத்தை வீட்டில்கூடக் காட்டவில்லை.