மும்பையில் ஜன்னல் உள்ள ரூம்: அம்மாவோடு நான்கு நாள், இரவுக்கு 2,500 ரூபாய்க்குள்

முதலில் அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. ஆப்பில் பார்த்த படத்தில் வெள்ளைத் திரை போட்ட பெரிய ஜன்னல், திரைக்குப் பின்னால் பளிச்சென்று வெளிச்சம். குர்லாவில் நாங்கள் போய் நின்ற அறையிலும் அதே திரை தொங்கியது. காற்று வரட்டும் என்று அம்மா அதை இழுத்தாள். பின்னால் சுவர். அந்தச் சுவரில் ஒரு டியூப் லைட்டை மாட்டி வைத்திருக்கிறார்கள், படத்தில் தெரிந்த வெளிச்சம் அதுதான்! அம்மா திரையைப் பழையபடி இழுத்து மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வராத குறை.

ஊர் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. செப்டம்பர் கடைசி வாரம், நான்கு இரவு. இருவருக்கும் சேர்த்து அறைக்கு இரவுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் முடியாது என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பினோம். மும்பையில் அது பெரிய பட்ஜெட் இல்லை. 4.2 நட்சத்திரம், 'ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம்' என்று போட்டிருந்ததை நம்பி, கீழே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு வரி கூடப் படிக்காமல் புக் பண்ணினேன். நான் செய்த தப்பு அதுதான்.

எந்த ஸ்டேஷன் என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் ரயில் போய் நின்றது லோக்மான்ய திலக் டெர்மினஸ், எல்.டி.டி. என்பார்கள். குர்லா டெர்மினஸ் என்றும் சொல்கிறார்கள், ஆனால் லோக்கல் ரயில் நிற்கும் குர்லா ஸ்டேஷன் வேறு, இது வேறு. வெளியே வந்ததும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மீட்டர் என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மழை தூறுகிறது, இரண்டு பெட்டி, அம்மாவுக்கு முழங்கால் வலி. 350 ரூபாய்க்கு ஏறிவிட்டோம். அங்கே ஆட்டோ மீட்டர் 26 ரூபாயில் தொடங்குகிறது, நாங்கள் போனது நான்கு கிலோமீட்டர் கூட இருக்காது. இறங்கும்போது டிரைவர் பெட்டிக்குத் தனியாக 50 ரூபாய் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் அதற்கு மேல் பேசவில்லை, எனக்குத்தான் ரொம்ப நேரம் படபடப்பு அடங்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி அம்மா தூங்கிய பிறகுதான், வீட்டிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். போனில் வரைபடத்தைத் திறந்து, மும்பையில் எங்கள் பட்ஜெட்டுக்குள் வரும் ஒவ்வொரு ஹோட்டலுக்கும் கீழே தங்கிப் போனவர்கள் எழுதியதைப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு மணி வரை படித்தேன். இதில் எனக்குத் தெரிந்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது 350 ரூபாயாவது மிச்சமாகட்டும்.

ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை விட்டுவிடுங்கள். 'சூப்பர் ஸ்டே', 'நைஸ் ஸ்டாஃப்' என்று ஒரே வரி, அதிலும் பத்துப் பேர் ஒரே ரிசப்ஷன் பையனின் பெயரைச் சொல்லிப் பாராட்டியிருந்தால், காலி பண்ணும்போது கவுண்டரில் நிற்கவைத்து எழுதி வாங்கியது என்று அர்த்தம். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களிலும் பாதிப் பேர் பணம் திரும்ப வராத கோபத்தில் எழுதுகிறார்கள், அறை எப்படி என்று அதில் தெரியாது. மூன்று நட்சத்திரம் கொடுத்து ஒரு பாரா எழுதுகிறவர்தான் உங்கள் ஆள். 'கட்டில் சரி, பாத்ரூமில் தண்ணீர் காலை ஏழு மணிக்கு மேல் மெதுவாக வருகிறது, லிஃப்ட் சின்னது' என்று எழுதுகிறாரே, அவர் நிஜமாகத் தங்கியிருக்கிறார்.

மாதத்தைப் பாருங்கள், மும்பைக்கு இது ரொம்ப முக்கியம். ஜனவரியில் தங்கினவருக்கு எந்த அறையும் நல்ல அறைதான். ஜூலை, ஆகஸ்டில் தங்கினவர் சொன்னால்தான் சுவர் ஓதம் அடிக்கிறதா, மெத்தையில் பூஞ்சை வாசனை வருகிறதா, தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்பதெல்லாம் தெரியும். தாதர் பக்கம் மேற்கு லைன், மத்திய லைன் இரண்டும் சந்திக்கின்றன, அதனால் எங்கே போகவும் வசதி என்று அங்கே ஓர் அறையைக் குறித்து வைத்திருந்தேன். ஆகஸ்டில் தங்கிய ஒருவர், கனமழை நாளில் ஹிந்த்மாதா சந்திப்பு முழுக்கத் தண்ணீர், குடும்பத்தோடு ஹோட்டலிலேயே மாட்டிக்கொண்டோம் என்று எழுதியிருந்தார். மழை பெய்தால் ஹிந்த்மாதாவில் தண்ணீர் நிற்பது வருஷா வருஷம் செய்தியில் வருவதுதான், எனக்குத்தான் அந்த இடம் இதுதான் என்று தெரியவில்லை. அந்த அறையை அடித்துவிட்டேன்.

அப்புறம் படங்கள். ஹோட்டல்காரர் போட்ட படத்தை நம்பாதீர்கள், அந்தத் திரையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தங்கினவர்கள் போட்ட படத்தில் பாத்ரூம் மூலை, கதவின் தாழ்ப்பாள், தலையணை உறை, இதையெல்லாம் பெரிதாக்கிப் பாருங்கள். விமர்சனங்களுக்குள் ஒரு சொல்லைப் போட்டுத் தேடவும் வழி இருக்கிறது. லிஃப்ட், ஜன்னல் என்று ஆங்கிலத்தில் தேடினேன், ஜன்னலுக்கு 'கிட்கி' என்று ஹிந்தியிலும் தேடினேன். ஹிந்தியில் எழுதுகிறவர்கள் இன்னும் வெளிப்படையாக எழுதுகிறார்கள் என்பது என் எண்ணம், மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தினால் விஷயம் புரிந்துவிடும். பெண்கள் எழுதியதைத் தனியாகத் தேடிப் படித்தேன். ராத்திரி ரிசப்ஷனில் யார் இருக்கிறார்கள், கதவு உள்ளே சரியாகப் பூட்டுகிறதா என்பதை அவர்கள்தான் எழுதுகிறார்கள்.

'நவி மும்பையில் தங்குங்கள், பாதி விலை' என்று நிறையப் பேர் சொல்லியிருந்தார்கள். விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் நவி மும்பையில் இருக்கும் வாஷியிலிருந்து தெற்கு மும்பையின் சி.எஸ்.எம்.டி.க்கு (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் ஐம்பது நிமிடம் ஆகிறது. காலையில் தெற்கே போகிற கூட்டமும் சாயங்காலம் வடக்கே திரும்புகிற கூட்டமும் எப்படி இருக்கும் என்று மும்பைக்குப் போனவர்களுக்குத் தெரியும். வேலை விஷயமாக அந்தப் பக்கம் போகிறவர் தாராளமாக அங்கே தங்கலாம். கேட்வேயும் மரைன் டிரைவும் பார்க்க வயதான அம்மாவைக் கூட்டிப் போகிறவருக்கு அந்த யோசனை உதவாது. மும்பையில் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், எந்த லைன், எத்தனை தடவை ரயில் மாற வேண்டும் என்று பாருங்கள்.

ஸ்டேஷனிலேயே தங்குகிற ரயில்வே ரிட்டயரிங் ரூமும் பார்த்தேன். கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டின் பி.என்.ஆர். இருந்தால் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலேயே எடுக்கலாம், விலையும் குறைவு, ஆனால் நான் தேடிய நாளில் ஒன்றும் காலியில்லை. மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனில் 2021இல் திறந்த பாட் ஹோட்டல் இருக்கிறது, அறைக்குப் பதில் ஆளுக்கு ஒரு சின்னக் கூடு. தனியாகப் போகிறவர்களுக்கு அருமை என்று பலரும் எழுதியிருந்தார்கள், அடுத்த தடவை தனியாகப் போனால் நான் அங்கேதான் போவேன். ரயில் பெர்த் மாதிரி கூட்டுக்குள் அம்மாவை ஏறிப் படுக்கச் சொல்ல முடியாது.

கடைசியில் கிடைத்தது தெற்கு மும்பையில், ஃபோர்ட் பகுதியில் ஒன்று. அந்தப் பக்கம் பழைய கட்டடங்களில் ஒரு மாடியை மட்டும் எடுத்து ஹோட்டல் நடத்துகிறார்கள், கீழே ஆபீஸ், மேலே வக்கீல், நடுவில் ஹோட்டல். இதற்கு மூன்றரை நட்சத்திரம்தான். ஒரு பெண் ஆகஸ்டில் எழுதியிருந்தார்: தெருப் பக்கத்து அறை வேண்டாம், விடியற்காலையில் வண்டிச் சத்தம், பின்பக்கம் முற்றத்தைப் பார்த்த அறையைக் கேளுங்கள், புறாச் சத்தம் மட்டும்தான், மழையில் சுவர் காய்ந்தே இருந்தது, சில அறைகள் பிளைவுட் தடுப்பு, அதை எடுக்காதீர்கள். அவர் யாரோ எவரோ, நன்றாக இருக்கட்டும்.

காலையில் நேராகவே ஹோட்டலுக்குப் போன் போட்டேன். ஆப்பில் 2,750 காட்டியது, நேரில் வந்தால் 2,400 என்றார்கள். ஏசி சேர்த்தா, ஜன்னல் எதைப் பார்த்து இருக்கிறது, தடுப்புச் சுவர் கூரை வரை போகிறதா, செக் அவுட் பகல் 12 மணியா, 24 மணி நேரக் கணக்கா என்று வரிசையாகக் கேட்டேன். எதிர்முனையில் பேசினவர் சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

குர்லாவில் பணம் ஹோட்டலில் கட்டும்படி போட்டிருந்ததால் மீதி மூன்று இரவையும் ரத்து செய்ய முடிந்தது. ஆனால் பில்லில் ஒரு சண்டை. அறை 1,900, ஏசிக்குத் தனியாக 300 (இதுவும் முன்னால் சொல்லவில்லை), அதற்கு மேல் 12 சதவீதம் ஜிஎஸ்டி என்று 264 ரூபாய் போட்டிருந்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதம்தானே என்று கேட்டேன். சிஸ்டத்தில் இன்னும் மாறவில்லை என்றார் கவுண்டரில் இருந்தவர். மாறும்வரை இங்கேயே நிற்கிறோம் என்று அம்மா பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள், தமிழில்தான் சொன்னாள், ஆனாலும் அவருக்குப் புரிந்தது. புது பில்லில் 110 ரூபாய். 154 ரூபாய் திரும்பி வந்தது. சின்னத் தொகைதான், ஆனால் நம் பணம்.

ஃபோர்ட் அறை சின்னது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பெட்டி வைக்கிற இடம்தான். இரும்புக் கதவை இழுத்து மூடுகிற பழைய லிஃப்ட், அதற்குப் போகவே சில படி ஏற வேண்டும். பச்சைச் சட்டம் போட்ட ஜன்னலைத் திறந்தால் முற்றம், எதிர் வீட்டுத் துணிக்கொடி, வரிசையாகப் புறாக்கள். அம்மா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு டீ வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வாடகை கொஞ்சம் கூடத்தான், ஆனால் கேட்வேக்கு நடந்தே போனோம், மரைன் டிரைவுக்குக் கருப்பு மஞ்சள் டாக்சியில் மீட்டர் போட்டுப் போனோம். பெஸ்ட் என்கிற டவுன் பஸ்ஸில் குறைந்த டிக்கெட் பத்து ரூபாய். வாடகையில் கூடக் கொடுத்தது போக்குவரத்தில் திரும்ப வந்துவிட்டது.

மாட்டுங்கா சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் விட முடியாது. நான் தங்காத ஒரு ஹோட்டலைப் பற்றி யாரோ எழுதியதில் கிடைத்த தகவல் அது. அறை சுமார், ஆனால் ராம நாயக் சாப்பாட்டுக் கடை பக்கத்தில் இருப்பதால் மன்னித்தேன் என்று எழுதியிருந்தார். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து ஸ்லோ லோக்கல் ஏற வேண்டும், ஃபாஸ்ட் ரயில் மாட்டுங்காவில் நிற்காது. ஸ்டேஷனை ஒட்டிய மார்க்கெட் கட்டடத்தில் முதல் மாடி, 1942இல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங், அதைத்தான் ராம நாயக் என்கிறார்கள். வாழை இலை போட்டுத் தண்ணீர் தெளிக்கச் சொன்னபோதே அம்மா முகம் மாறிவிட்டது. மூன்று நாளாக வடா பாவும் டீயும்தான் ஓடிக்கொண்டிருந்தன. சூடாகப் பூரி, காய், கூட்டு, சோறு, லேசாக வெல்லம் தட்டுகிற சாம்பார். சாம்பாரை விடுங்கள், அந்த ரசம்! மிளகும் சீரகமும் தூக்கலாக, தொண்டையில் இறங்கும்போதே மழை ஈரம் விலகுகிற மாதிரி. அம்மா இரண்டாம் முறை சோற்றில் வாங்காமல் கையைக் குவித்து வாங்கிக் குடித்தாள். பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே மூன்றாவது தடவையும் ஊற்றினார். திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள்.

திரும்பும் நாளில் டாக்சி எடுக்கவில்லை. எல்.டி.டி.க்குப் பக்கத்திலேயே திலக் நகர் என்று ஹார்பர் லைன் ஸ்டேஷன் இருக்கிறது, நடந்து போகிற தூரம்தான், இதுவும் யாரோ எழுதி வைத்ததைப் படித்துத் தெரிந்துகொண்டது. சாயங்காலக் கூட்டம் தொடங்கும் முன் மூன்றரை மணிக்கே சி.எஸ்.எம்.டி.யில் பெண்கள் பெட்டியில் ஏறினோம், ரயில் அங்கேயே புறப்படுவதால் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. ஆளுக்குப் பத்து ரூபாய் டிக்கெட். வந்த அன்றைக்குக் கொடுத்த 350 ரூபாயை நினைத்து அம்மா வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

ரயிலில் உட்கார்ந்து ஃபோர்ட் ஹோட்டலுக்கு நான்கு நட்சத்திரம் போட்டு எழுதினேன். பின்பக்கத்து அறை, சுவர் காய்ந்திருந்தது, சுடுதண்ணீர் காலை ஒன்பது வரை, ராத்திரி ரிசப்ஷனில் ஆள் உண்டு, பாத்ரூம் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம். ஜன்னலைத் திறந்து வைத்து எடுத்த படத்தையும் போட்டேன். லிஃப்டுக்கு முன்னால் எத்தனை படி என்று எழுத வந்தபோது சரியாக நினைவில்லை. ஒன்பது, என்றாள் அம்மா, போகும்போதும் வரும்போதும் எண்ணியிருக்கிறாள். ஒன்பது என்று எழுதி, கைப்பிடி உண்டு என்றும் சேர்த்தேன்.