நாளுக்கு ஒரு வரிசை: நிகோடின் சூயிங்கத்தோடு சிகரெட்டை விட்ட அனுபவம்

சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு நிகோடின் சூயிங்கம் நல்ல துணை. நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். ஆனால் கடையில் கிடைக்கிறபடியே வாங்கினால் அது பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதியை நானும் அக்காவும் வீட்டில் செய்துகொண்டோம்.

முதலில் 1800-11-2356க்குப் பேசினேன். புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கு உதவும், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் கட்டணமில்லா எண் இது. சில்லறையாக ஒன்றிரண்டு வாங்கிப் பிடிப்பவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை என்பது வருத்தம். காலையில் எழுந்து எவ்வளவு நேரத்துக்குள் முதல் சிகரெட் என்று ஆலோசகர் கேட்டார். அரை மணிக்குள் என்றால் உடம்பு நிகோடினுக்கு நன்றாகப் பழகிவிட்டது என்று அர்த்தமாம். எனக்குப் பல் தேய்ப்பதற்கு முன்பே வேண்டும். விடுவதற்கு ஒரு தேதியைக் குறிக்கச் சொன்னார், சூயிங்கத்தை மெல்லும் முறையையும் சொல்லித்தந்தார்.

அந்த முறைதான் எல்லாமே. மருந்துக் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவார்கள், முறையைச் சொல்ல மாட்டார்கள். சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும் வரும். மெதுவாக மென்று, சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். அரை மணி நேரம் இப்படியே. வாயின் உட்தோல் வழியாகத்தான் நிகோடின் ரத்தத்தில் சேர வேண்டும். டீ, காபி, கோலா குடித்த வாயில் அமிலத்தன்மை கூடிவிடுவதால் சரியாகச் சேராது. அதனால் குடித்து கால் மணி நேரமாவது போக வேண்டும், மெல்லும்போதும் குடிக்கக் கூடாது.

நம்மூரில் பெரிய சிக்கல் இதுதான். டீ கிளாஸ் கைக்கு வந்ததுமே அடுத்த கை சிகரெட்டைத் தேடும். நான் ஒன்றை மென்று முடித்துவிட்டு, அப்புறம்தான் டீக்கடைக்குப் போனேன். பக்கத்தில் நின்றவர் பற்றவைத்தபோதும் தாக்குப்பிடிக்க முடிந்தது.

அடுத்தது கணக்கு. முதல் 6 வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று, கடைசி 3 வாரம் நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று. வேலைக்கு நடுவில் இதை யார் நினைவில் வைத்துக்கொள்வது?

அக்கா கிராம சுகாதார செவிலியர். "மாலா-டி கருத்தடை மாத்திரை அட்டையைப் பாரு தம்பி. 21 மருந்து மாத்திரை, கடைசி 7 வெறும் இரும்புச்சத்து. தினமும் போடுற பழக்கம் விட்டுடக் கூடாதுன்னுதான் அந்த ஏழும். உனக்கும் இப்படி ஒண்ணு செஞ்சா என்ன?" என்றார்.

பழைய காலண்டர் அட்டைகளை எடுத்தோம். வாரத்துக்கு ஓர் அட்டை, நாளுக்கு ஒரு வரிசை. சூயிங்கம் அட்டையைக் கத்தரியால் நறுக்கி ஒவ்வொன்றாக ஒட்டினோம். முதல் அட்டையில் வரிசைக்கு 9. போகப் போக வரிசை சுருங்கும். டீ நேரத்துக்கு முன்னால் வரும் சூயிங்கத்துக்குப் பக்கத்தில் அக்கா ஒரு கிளாஸ் படம் வரைந்து குறுக்கே கோடு போட்டார். 12 வாரத்துக்குப் பிறகு இன்னும் ஓர் அட்டை, அதில் நிகோடினே இல்லாத புதினா சூயிங்கம். வாய்க்கு ஏதாவது வேண்டும் என்ற தேட்டம் நிகோடின் போன பின்னும் இருக்கிறது. அந்த அட்டைதான் என்னைக் கரை சேர்த்தது.

இரண்டாவது வாரம்தான் கொடுமை. தூக்கம் கெட்டது, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். அட்டையில் காலியான வரிசைகளைப் பார்க்கும்போது மட்டும் தெம்பு வரும்.

இதைத் தொழிற்சாலையில் செய்வது பெரிய காரியமில்லை. அதே மருந்து, அதே ஃபாயில். அடுக்கும் முறையும் பின்னால் தமிழில் படத்தோடு நாலு வரியும்தான் புதிது. மருந்து பேக்கிங் தொழிலில் இருப்பவர்கள் யாராவது எடுத்துச் செய்யுங்கள். நானும் அக்காவும் எந்த உரிமையும் கேட்க மாட்டோம். நாங்கள் செய்த அட்டைகளின் படங்களைத் தருகிறேன்.