மூன்றாம் டிகிரி: ஈராமைத் தேடி

மார்ச் 3
பைபிளில் இராஜாக்கள் முதல் புத்தகம், 7ஆம் அதிகாரத்தை இன்று நிதானமாகப் படித்தேன். எருசலேம் ஆலய வேலைக்காகத் தீரு நகரத்திலிருந்து சாலொமோன் ராஜா அழைப்பித்த ஈராம், ஒரு கைம்பெண்ணின் மகன், வெண்கல வேலையில் கைதேர்ந்தவன். யாகீன், போவாஸ் என்று தலா 18 முழ உயரத்தில் இரண்டு தூண்களை வார்த்து நிறுத்துகிறான், மற்ற வேலைகளையும் முடிக்கிறான், அவ்வளவுதான். அவனை யாரும் கொல்லவில்லை. ஆனால் ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சடங்குகள் கொண்ட சகோதரச் சங்கத்தாரின் மூன்றாம் டிகிரியான, அதாவது மூன்றாம் படிநிலையான, மாஸ்டர் மேசன் சடங்கு முழுக்க அவன் கொலையைச் சுற்றித்தான் நடக்கிறது. அந்தக் கொலை எங்கிருந்து வந்தது?

மார்ச் 6
சடங்கில் வரும் கதை இது. மாஸ்டருக்குரிய ரகசியச் சொல்லைக் கேட்டு மூன்று தொழிலாளிகள் ஆலயத்தின் மூன்று வாசல்களில் மறிக்கிறார்கள், ஈராம் வாயைத் திறக்கவில்லை. இங்கிலாந்துச் சடங்கின்படி முதல் அடி தூக்குக்குண்டுப் பலகையால், அடுத்தது மட்டப்பலகையால், கடைசி அடி கொட்டாப்புளியால். எழுப்புகிற கருவிகளாலேயே சாய்க்கிறார்கள் என்பது என்னை ரொம்பவே உலுக்கிவிட்டது. புதைத்த இடத்தைக் காட்டிக்கொடுப்பது ஒரு அகாசியா கிளை, நம் வேலமரத்தின் இனம். பசுமை மாறாதது, அதனால் அழியாத ஆன்மாவுக்கு அடையாளம். மாஸ்டர் ஆகப்போகிறவர்தான் ஈராமாக விழ வேண்டும், அவரைத்தான் கைகொடுத்து எழுப்புவார்கள்.

மார்ச் 11
1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த மேசன்களின் சட்டப் புத்தகத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் தெரியவில்லை. 1725இல் லண்டனில் ஒரு இசைச் சங்கத்தின் குறிப்பேட்டில் மூன்றாவது எட்டிப்பார்க்கிறது. 1730 அக்டோபரில் சாமுவேல் பிரிச்சர்ட் சடங்கையே அச்சடித்து விற்றுவிட்டார், ஈராம் கொலை முழுசாக அச்சில் வருவது அதில்தான்.

மார்ச் 12
தூக்கம் வரவில்லை, எல்லாம் கிரகாம் கையெழுத்துப்படி என்ற பழைய மேசன் ஆவணத்தால். அதில் இருக்கும் தேதி 1726, பிரிச்சர்டுக்கு முந்தையது, அதில் கல்லறையிலிருந்து எழுப்பப்படுவது ஈராம் அல்ல, பெருவெள்ளக் கதையின் நோவா! அப்பாவிடம் இருந்த ரகசியம் அவரோடு போய்விட்டதே என்று அவர் பிள்ளைகள் சேம், காம், யாப்பேத் மூவரும் கல்லறைக்குப் போகிறார்கள், அது கிடைக்காவிட்டால் முதலில் கைக்கு எது அகப்படுகிறதோ அதையே ரகசியமாக வைத்துக்கொள்வோம் என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு. விரலைப் பிடித்தால் கழன்று வருகிறது, மணிக்கட்டும் அப்படியே, முழங்கையும் அப்படியே. அப்புறம் பாதத்தோடு பாதம், முழங்காலோடு முழங்கால், மார்போடு மார்பு, கன்னத்தோடு கன்னம் வைத்து, முதுகில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துகிறார்கள். இந்த எலும்பில் இன்னும் மஜ்ஜை இருக்கிறது என்கிறான் ஒருவன், வெறும் காய்ந்த எலும்பு என்கிறான் இன்னொருவன், நாறுகிறது என்கிறான் மூன்றாமவன். ஈராம் கதைக்கு இதுதான் நேர் மூலம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, ஆனால் அந்த எழுப்பும் முறை அப்படியே மாஸ்டர் மேசன் சடங்கில் இருக்கிறது. எனக்கு இது போதும்.

மார்ச் 19
ஜான் ஹாரிஸ் வரைந்த மூன்றாம் டிகிரிப் பலகைப் படத்தை, அதாவது அந்தச் சடங்கின் சின்னங்களைக் காட்டும் ஓவியத்தை, பெரிதாக்கிப் பார்த்தேன். சவப்பெட்டி, மண்டையோடு, தலைமாட்டில் அகாசியா கிளை, அந்த மூன்று கருவிகள். ஈராமோடு போன சொல் இந்த டிகிரியில் திரும்பக் கிடைப்பதே இல்லை, பதிலுக்கு ஒன்றைத்தான் கொடுக்கிறார்கள், நோவாவின் பிள்ளைகள் செய்துகொண்ட அதே ஏற்பாடு. தொலைந்ததைக் கண்டெடுப்பது இதன் தொடர்ச்சியான ராயல் ஆர்ச் என்ற சடங்கில். 1813இல் இங்கிலாந்தில் மேசன்களின் இரண்டு தலைமை அமைப்புகளும் (கிராண்ட் லாட்ஜ்கள்) இணைந்தபோது மூன்று டிகிரிதான், ராயல் ஆர்ச்சும் அதில் அடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். சரி, அடுத்து அதைத்தான் படிக்க வேண்டும்.