ஜானரை முதலே முடிவெடுக்க வேண்டுமா? கல்லடியிலிருந்து ஒரு பதில்

மின்னிசை பழக என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "அண்ணா, ஹவுஸா, டெக்னோவா, டப்ஸ்டெப்பா எண்டு முதலே முடிவெடுத்திட்டா தொடங்கணும்?" மூன்றும் மின்னிசையின் ஜானர்கள், அதாவது இசை வகைகள். மற்றப் பாதிப்பேர் கேட்பதே இல்லை. மனதில் வருவதை அப்படியே செய்வோம் என்று லேப்டாப்பைத் திறந்துவிடுகிறார்கள். இவர்களுடைய கணினியில் எட்டு பார் (நான்கு அடி சேர்ந்தால் ஒரு பார்) நீளமான லூப்கள், திரும்பத் திரும்ப ஓடும் துண்டுகள், குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றும் கேட்க நன்றாகவே இருக்கும், ஆனால் ஒன்றும் முழு ட்ராக் ஆகியிருக்காது. திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை. ஒன்பதாவது பாரில் என்ன வர வேண்டும் என்று சொல்ல அந்த லூப்புக்குள் எதுவும் இல்லை.

முடிவெடுத்துவிட்டுத் தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் முடிவெடுக்க வேண்டியது ஜானரின் பெயரை அல்ல.

மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் என் சின்ன ஸ்டூடியோவுக்கு வருகிற வேலைகளைப் பார்த்தாலே இது விளங்கும். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெண் உள்ளே வருவதற்கான இசை, கடை விளம்பரம், பாடசாலை நடன நிகழ்ச்சி, பாசிக்குடா ஹோட்டலுக்கு மாலை நேர இசை, அறுகம்பேயில் சீசன் காலத்தில் வாசிக்கும் டிஜேக்களுக்கான ட்ராக். இவற்றில் எதையும் பெயரை வைத்துத் தொடங்க முடியாது. டிஜே ஒருவர் ஹவுஸ் கேட்கிறார் என்றால் அவருக்கு உண்மையில் வேண்டியது, முன்னால் ஓடுகிற ட்ராக்கோடு தன்னுடையதைச் சேர்க்க இடைவெளி. 128 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 128 அடி வேகத்தில், 32 பார் சரியாக ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம் கிக்கும் (கனத்த ட்ரம் அடி) ஹைஹாட்டும் (தாளத் தட்டின் சத்தம்) மட்டும் ஓடினால்தான் அவரால் கலக்க முடியும். பாட்டை நேரே தொடக்கத்தில் வைத்துக் கொடுத்தால் எவ்வளவு அழகான மெட்டானாலும் அவர் அதை வாசிக்க மாட்டார். அதே மெட்டைக் கல்யாண மண்டபத்துக்குச் செய்தால் அந்த ஒரு நிமிடத்தில் மாப்பிள்ளை மேடைக்கே போய்விடுவார். அங்கே நாலாவது பாரில் எல்லாமே வெடிக்க வேண்டும். தகரக் கூரையும் ஓட்டுத் தரையும் எதிரொலிக்கிற மண்டபத்தில் நீண்டு இழுபடுகிற பேஸ் (தாழ்ந்த சத்தம்) வெறும் இரைச்சலாகிவிடும் என்பதையும் யோசிக்க வேண்டும். டப்ஸ்டெப் 40, 50 ஹெர்ட்ஸ் பக்கம் உறுமுகிற இசை. நம் ஆட்கள் பெரும்பாலும் கைபேசியில்தான் கேட்கிறார்கள், கைபேசி ஸ்பீக்கரால் அந்த அடியைத் தரவே முடியாது. அப்படிப்பட்ட வேலைக்கு பேஸின் மேல் சுரங்களைக் கூட்டி வைத்தால்தான் பேஸ் இருப்பதாகவே காதுக்குத் தெரியும்.

ஆகவே நான் முதலில் எழுதி வைப்பது மூன்று விஷயங்கள்: வேகம், தாளத்தைத் தாங்கப் போகும் வாத்தியம், கேட்கப்படும் இடம். இந்த மூன்றும் நிச்சயமானால் ஜானரில் முக்கால்வாசி முடிவாகிவிடும்.

நம் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் இதை எப்போதோ செய்து வைத்திருக்கிறார்கள். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைகளில் எது என்று தெரியாமல் எந்தக் கூத்துக்கும் சட்டம், அதாவது ஆளாளுக்குரிய பாட்டுப் பிரதி, கொடுப்பதில்லை. உடுப்பு, ஆட்டம், பாடுகிற முறை எல்லாமே அந்த ஒரு முடிவில் தொங்குகின்றன. அரசனுக்கு ஒரு வரவுத் தாளக்கட்டு, பெண் பாத்திரத்துக்கு இன்னொன்று. இவ்வளவும் முன்கூட்டித் தீர்மானமானதால் ஆட்டக்காரனின் கை கால் கட்டப்பட்டுவிட்டதா? இல்லையே. ஒரே தருவை (கூத்துப் பாட்டை) இரண்டு ஊரில் இரண்டு பேர் ஆடும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. மத்தளமும் சல்லரித் தாளமும் தங்கள் இடத்தில் நின்று தருவதால்தான் அவன் துணிந்து ஆடுகிறான்.

இப்படிச் சொல்லும்போது கொஞ்சம் வாசித்த பிள்ளைகள் திட்டமில்லாமல் பிறந்ததென்று அசிட் ஹவுஸ் என்ற ஜானரைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். நியாயமான எதிர்வாதம்தான். ரோலண்ட் நிறுவனம் 1981இல் டிபி-303 என்ற பெட்டியை பேஸ் கிற்றார்காரர் இல்லாத இடத்தில் துணைக்கு வாசிக்கவென்று விற்பனைக்கு விட்டது. அது எடுபடவில்லை. சில வருடங்களில் உற்பத்தி நின்று, பழைய பெட்டிகள் மலிவு விலைக்கு வந்தன. சிகாகோவில் டிஜே பியரும் கூட்டாளிகளும் அதன் குமிழ்களைத் திருகிக்கொண்டே ஒலிப்பதிவு செய்தார்கள். அந்த ட்ராக் 1987இல் இசைத்தட்டாக வந்தது. பெட்டியைச் செய்தவர்களே எதிர்பார்க்காத ஒரு சத்தம், புதிய ஜானருக்கு வழி திறந்தது. "பாருங்க, திட்டம் எங்க இருந்தது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

திட்டம் கிக்கில் இருந்தது. அந்த நெளிகிற சத்தத்துக்கு அடியில் நான்கு அடியும் ஒரே சீராக விழுகிற, அப்போது சிகாகோ கிளப்களில் ஆடிக்கொண்டிருந்த ஹவுஸ் தாளம் இருக்கிறது. ட்ராக்கை முடித்ததும் அவர்கள் கொடுத்தது ரொன் ஹார்டி என்ற டிஜேயிடம். எந்தத் தளத்தில், எந்த வேகத்தில் ஆட்கள் ஆடப் போகிறார்கள் என்பது தெரிந்த பிறகுதான் அவர்கள் குமிழைக் கண்டபடி திருகினார்கள்.

எனக்கு இன்னும் பிடித்த சான்று நம் பக்கத்தது. மும்பையில் சினிமா இசைக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒரு இசைத்தட்டாகச் செய்தார். அதே டிபி-303, அதோடு டிஆர்-808 தாளப் பெட்டி. அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010இல் மறுபடி வெளிவந்தபோது, இது அசிட் ஹவுஸுக்கு முன்னால் வந்த அசிட் ஹவுஸ் என்று உலகம் வியந்தது. அந்தப் பெயரை அவர் எப்படித் திட்டமிட்டிருக்க முடியும்? அவர் கையில் இருந்தவை ராகம், டிஸ்கோ தாளம், புதுப் பெட்டிகள். எதை எதோடு சேர்க்கிறோம் என்பதில் அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. பெயர் மற்றவர்கள் பிறகு வைத்தது.

ஆனால் மனிதர் கையால் அடித்த தாளத்தை ஒலிப்பதிவு செய்துகொண்டு தொடங்கும் வேலையில் என் மூன்று விஷயங்களும் முதலில் என் கையில் இருப்பதில்லை.

ஆரையம்பதிப் பக்கம், வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மன் கோயிலில் உடுக்கு அடிக்கிற பெரியவர் ஒருவர் எனக்காக வாசிக்கச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை வைத்தார்: "காவியத்தில ஒரு வரியும் சேர்க்கப்படாது தம்பி. அடி மட்டும் எடுங்க." சடங்கில் பாடுகிற கண்ணகி காவியத்தைச் சொன்னார். வீட்டு விறாந்தையில் மைக்கை வைத்தேன். சீரான வேகத்தில் டிக் டிக் என்று அடிக்கும் மெட்ரோனோமை அவர் காதில் மாட்ட முயன்றபோது சிரித்துவிட்டுக் கழற்றி வைத்தார். "அடிச்சா வேகம் தானா வரும். மறுகா நீங்க எண்ணிக்கொள்ளுங்க."

எண்ணிப் பார்த்தேன். மெதுவாகத் தொடங்கி, ஏறி, நடுப்பகுதியில் நிமிடத்துக்கு 116 அடியில் நிலைத்திருந்தது. ஒவ்வொரு அடிக்குள்ளும் மும்மூன்று சிற்றடி. இடது கை நாடாவை நசுக்கும்போது சத்தம் வளைந்து மேலே போகிறது, அந்த வளைவுதான் உடுக்கின் உயிர். அதை இழுத்து 128இன் நான்கடிக் கட்டத்துக்குள் பொருத்தினால் அடியின் கூர் மழுங்கி, வளைவு உளறலாகிறது. அவரை நகர்த்துவதில்லை என்று முடிவுசெய்து, மென்பொருளின் வேகக் கோட்டை அவருடைய கைக்கு ஏற்ப வரைந்தேன்.

அப்புறம்தான் கணக்கு கண்ணில் பட்டது. 116ஐ மூன்றால் பெருக்கினால் 348. 174ஐ இரண்டால் பெருக்கினாலும் 348. 174 என்பது ட்ரம் அண்ட் பேஸ் என்ற ஜானரின் வழக்கமான வேகம். உடுக்கின் சிற்றடியும் அந்த இசையின் அரை அடியும் ஒரே ஓட்டத்தில் ஓடுகின்றன. அவருக்கு ஆறு சிற்றடி ஒரு சுற்று, எனக்கு எட்டு. இருபத்து நான்கில் இரண்டும் ஒன்றாக விழும்: அவருக்கு நான்கு சுற்று, எனக்கு மூன்று பார். ஒரு சிற்றடியையும் தொடாமல் அடியில் ட்ரம்ஸை ஓடவிட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ட்ரம் அண்ட் பேஸ் செய்யப் போகிறேன் என்று தொடங்கியிருந்தால், முதல் வேலையாக அவரை 174இன் நான்கடிக்குள் வெட்டி ஒட்டியிருப்பேன். ஹவுஸ் என்று தொடங்கியிருந்தால் இந்தக் கணக்கைத் தேடியே போயிருக்க மாட்டேன்.

பெரியவருக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "என்ட அடி கேக்குது, அது போதும். கீழ உறுமிறதக் கொஞ்சம் குறையுங்க." உடுக்கு ஏறுகிற இடங்களில் பேஸை இறக்கிவிட்டேன்.

ஆக, இப்போது பிள்ளைகளுக்குச் சொல்வது இது. முழுக்கக் கணினிக்குள்ளேயே பிறக்கிற ட்ராக்குக்கு வேகத்தையும் வாத்தியத்தையும் இடத்தையும் எழுதி ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். உடுக்கோ, றபானோ, பறையோ, மனிதர் கையிலிருந்து வருகிறதென்றால் முதலில் அதை முழுதாகக் கேட்டு, வேகத்தை அளந்து, மூன்றா நான்கா என்று பாருங்கள், பிறகு எழுதுங்கள். இரண்டிலும் அரேஞ்ச்மென்ட் (எது எங்கே வரும் என்று அடுக்குவது) தொடங்கும் முன் அந்தத் தாள் எழுதப்பட்டிருக்க வேண்டும். உடுக்கு ட்ராக்கை இணையத்தில் ஏற்றும்போது ஜானர் பட்டியலில் ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டியிருந்தது. ட்ரம் அண்ட் பேஸ் என்றே கொடுத்தேன். அந்த இசையைத் தேடுகிறவர்கள் உடுக்கைக் கேட்கட்டும் என்பதற்காக.