சாயல்குடிப் பக்கம் காளான் வரையப் போறீங்களா? முதல்ல தாளைக் காப்பாத்துங்க

பஸ்ஸைத் திட்டிவிட்டுத்தான் மற்றது. ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி போன வண்டியில் ஜன்னல் ஷட்டர் பாதியிலேயே நின்றுவிட்டது. ஐப்பசி மழை முழுக்க மடியில். வாட்டர்கலர் தீட்டும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) காட்டன் தாள் இப்படி ஊறினால் அதிலுள்ள பசை கரைந்துவிடும். அப்புறம் வண்ணம் நிற்காது, திட்டுத்திட்டாக உறிஞ்சிக்கொள்ளும். ஒரு முழுத்தாள் விலைக்கு இரண்டு பேர் பிரியாணி சாப்பிடலாம். இரட்டைப் பாலிதீன் உறை கட்டாயம்.

பனங்காட்டுக்கு ஆட்டோ பிடித்தால் காத்திருப்புக் கூலியையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பேசாவிட்டால் திரும்பும்போது இரட்டிப்பாகக் கேட்பார்கள், கேட்டார்கள்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்பார்கள். இடியோ மழையோ, புற்றுக்காளான் கண்ணில் பட்டால் பிடுங்காதீர்கள். அதன் வேர் போன்ற அடித்தண்டு மண்ணுக்குள் கரையான் கூடுவரை இறங்கும், இழுத்தால் அறுந்துவிடும். களைக்கொத்தியால் ஓரமாகத் தோண்டி முழுசாக எடுங்கள். பாலிதீனில் போட்டால் வேர்த்து அழுகும். ஓலைப்பெட்டி உத்தமம்.

அறைக்கு வந்ததும் ஒரு குடையை நறுக்கி, பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒட்டிய தாளில் செவுள் (குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள்) கீழே இருக்கும்படி கவிழ்த்து, மேலே டம்ளரை மூடுங்கள். கடற்காற்றிலும் ஃபேன் காற்றிலும் வித்துத்தூள் பறந்துவிடும், அதற்குத்தான் டம்ளர். காலையில் பாருங்கள். புற்றுக்காளான் என்றால் இளஞ்சிவப்புச் சாயல் படிந்திருக்கும். பச்சையாகப் படிந்தால் அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற விஷக்காளான்; தின்றால் வாந்தி, பேதிதான். இளசில் அதன் செவுளும் வெள்ளையாகவே இருப்பதால் ஏமாறுவது சுலபம். இளஞ்சிவப்புப் படிந்துவிட்டதே என்று குழம்பு வைத்துவிடவும் கூடாது. அந்த நிறத்தில் விஷக்காளானும் உண்டு.

வரைவதை அன்றைக்கே முடியுங்கள், மறுநாள் குடை சுருங்கிவிடும். டிவைடரால் அளந்து நிஜ அளவில் பென்சில் கோடு. பக்கத்திலேயே நெடுக்காகப் பிளந்த பாதி, ஒரு மொட்டு, அடித்தண்டு முழுநீளம். செவுள் தண்டைத் தொடாமல் நிற்பதைக் காட்டியே ஆகவேண்டும். கோட்டுக்கு நீரில் கரையாத இந்தியன் இங்க். பேனா மை ஊறிவிடும். வெள்ளைக்கு வண்ணம் வேண்டாம், தாளையே விடுங்கள். நிழலுக்குக் கறுப்பு போட்டால் அழுக்காகும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பல், தண்ணீராக.

பழைய தோற்றத்துக்குத் தேநீரில் தாளை முக்குவது மகா மோசமான யோசனை. அந்தக் கறையே நாளடைவில் தாளை அரிக்கும். வரையும் முன்பே யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் வண்ணத்தை நீர்க்க ஒரு பூச்சு, போதும். நிஜமான பழசு என்றால், இயற்கை ஓவியர் ஜேம்ஸ் சவர்பி 1797 முதல் வெளியிட்ட இங்கிலாந்துக் காளான் படங்கள் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டு, ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டியவை. கடையில் ஃப்ரேம் போட்டு விற்கும் 'பழங்காலப்' படங்கள் பலவற்றில் அடித்தண்டே இருக்காது. காசு தண்டம்.

இந்த ஊர் ஈரத்தில் ஒரு பூச்சு காயவே அரைமணி ஆகும். அவசரப்பட்டு அடுத்ததைப் போட்டால் சேறுதான்.

திரும்பும்போது கீழக்கரையில் இறங்கித் தொதல் வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டியது, நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய்க் கையோடு மட்டும் தாளைத் தொடாதீர்கள், பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது.