டீன்ஏஜ் பிள்ளைகளோடு சிங்கப்பூரில் மூன்று நாள்: எதை எடுப்பது, எதை விடுவது

சிங்கப்பூரில் பெரிய கட்டண இடங்கள் பலவற்றில் குழந்தை டிக்கெட் 12 வயதோடு முடிந்துவிடும். யுனிவர்சல் ஸ்டூடியோஸ், கார்டன்ஸ் பை தி பே, மண்டாய் விலங்குப் பூங்காக்கள் எல்லாம் இந்தக் கணக்குத்தான். எட்டாம் வகுப்புப் பையனுக்கும் அப்பாவுக்கும் ஒரே விலை. நாலு பேருக்கும் முழு டிக்கெட் எடுத்து உள்ளே போனபின், இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். மூன்று நாளுக்கு மூன்று கட்டண இடம் போதும். மீதியை இலவசமானவற்றால் நிரப்பலாம். இலவசத்துக்கு அங்கே பஞ்சமில்லை.

இடத்தை முடிவுசெய்யும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். அங்கே காலை 8 என்றால் பிள்ளையின் உடம்புக்கு விடியற்காலை 5.30. விடுமுறையில் ஒன்பது மணிக்கு எழுந்து பழகியவர்களை எட்டு மணிக்கு லாபியில் நிறுத்தினால் மதியம்வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். மாலையில் இதே வித்தியாசம் நமக்குச் சாதகமாகிவிடும்: அங்கே இரவு 10 மணி, உடம்புக்கு 7.30. ஊரும் இருட்டிய பிறகுதான் அழகு. ஆகவே காலை பத்தரைக்குக் கிளம்பி இரவு பத்தரைக்குத் திரும்புகிற மாதிரி நாளை அமையுங்கள். பெரியவர்களுக்குக் கஷ்டம்தான், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டுக்கொள்ளலாம்.

டிக்கெட் போடும் முன்பே ஒவ்வொருவரிடமும் இரண்டு பதில் வாங்கிவிடுங்கள்: கட்டாயம் போக வேண்டியது ஒன்று, வேண்டவே வேண்டாம் என்பது ஒன்று. இரண்டாவதுதான் முக்கியம். 'எங்கே போகலாம்' என்று பொதுவாகக் கேட்டால் ரீல்ஸில் பார்த்த பத்து இடம் வரும், அல்லது 'எங்கேயாவது' என்று வரும்.

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஒரு முழு நாளை விழுங்கும். ரோலர் கோஸ்டர் பிடித்த பிள்ளைகளுக்கு அது தகும். வீட்டில் ஒருவராவது ரைடு ஏறப் பயப்படுபவர் என்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள்; ஏறாதவருக்கு அங்கே வேலை குறைவு. போவதென்றால் வார நாளில், கதவு திறக்கும்போதே போங்கள். மேலே சொன்ன பத்தரை விதிக்கு இந்த ஒரு நாள் விலக்கு. முதலில் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா, அடுத்து டிரான்ஸ்ஃபார்மர்ஸ், பிறகு மம்மி. இவற்றில் வரிசை நீளும். பேட்டில்ஸ்டாருக்குக் குறைந்தது 125 செ.மீ. உயரம் வேண்டும், டீன்ஏஜருக்கு அது தடையில்லை, கூட வரும் தம்பி தங்கைக்குத்தான் தடை. பையோடு போனையும் லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். ஜுராசிக் படகு ரைடில் தொப்பலாக நனைவது உறுதி, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கோடை விடுமுறைக்கு இதில் ஒரு வசதி உண்டு. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஆண்டு நடு விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க ஓடும். ஏப்ரல் கடைசி, மே முதல் பாதியின் வார நாட்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். மே 1ஐயும் விசாக தினத்தையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

யுனிவர்சலை விட்டவர்கள் அது இருக்கும் செந்தோசாத் தீவையே விட வேண்டியதில்லை. ஹார்பர்ஃப்ரண்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம், மேலே விவோசிட்டி மாலின் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில்: உள்ளே போகத் தலைக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தீவுக்குள் சுற்றுவதும் திரும்புவதும் இலவசம். நடைபாலம் வழியாகப் போனால் அந்த 4 வெள்ளியும் மிச்சம். அங்கே என் தேர்வு லூஜ். சக்கரம் வைத்த சிறு வண்டியில் சரிவில் நாமே ஓட்டி இறங்குவது, மேலே திரும்பத் தொங்கு நாற்காலி. முதல் சுற்று பிரேக் பழகுவதிலேயே போய்விடும், பந்தயம் இரண்டாவதில்தான் சூடு பிடிக்கும். ஆகவே பல சுற்று டிக்கெட்டே எடுங்கள். பிறகு ஃபோர்ட் சிலோசோ வான்நடை: 181 மீட்டர், மரங்களுக்கு மேலே, லிஃப்ட் உண்டு, காசில்லை. கோடியில் இரண்டாம் உலகப்போரில் பயன்பட்ட கோட்டை, அதுவும் இலவசம்.

எதைத் திட்டமிட்டாலும் மழைக்கு இடம் விடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை சகஜம். மின்னல் எச்சரிக்கை வந்தால் லூஜையும், கார்டன்ஸ் பை தி பேயில் சூப்பர்ட்ரீ என்கிற ராட்சத செயற்கை மரங்களின் மேல்நடையையும் நிறுத்திவிடுவார்கள். வெளியிடங்களை முற்பகலுக்கும் மாலைக்கும் தள்ளி, இரண்டிலிருந்து ஐந்துவரை கூரைக்குக் கீழே இருங்கள். கார்டன்ஸ் பை தி பேயின் கிளவுட் ஃபாரஸ்ட் அதற்கு ஏற்றது. ஏசி குளிர், உள்ளேயே ஓர் அருவி.

மாலையில் அதே பூங்காவில் 7.45க்கு சூப்பர்ட்ரீ ஒளிக்காட்சி, காசில்லை. நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும், தரையில் மல்லாந்து படுத்துவிடுங்கள். 8 மணி வாக்கில் முடிந்ததும் மெரினா பே சாண்ட்ஸ் ஓட்டலைக் கடந்து மாலின் மறுபக்க நீர்க்கரைக்கு நடந்தால் 9 மணி ஸ்பெக்ட்ரா நீர்க்காட்சி. சுமார் இருபது நிமிட நடை. 7.45ஐயும் ஸ்பெக்ட்ராவின் 8 மணிக் காட்சியையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறைதான்.

நைட் சஃபாரி விலங்குப் பிரியர்களுக்கு நல்லது, போட்டோ பிரியர்களுக்கு அல்ல. ஃபிளாஷ் போடக் கூடாது, போனில் இருட்டுதான் பதியும். கண்ணாடிக் கட்டடங்கள் போரடித்தால் புலாவ் உபின் தீவுக்குப் போகலாம். சாங்கி பாயின்ட்டில் படகுக்கு நேர அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை சைக்கிளில் பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டே எடுங்கள். மேடு பள்ளம் உண்டு. இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும்.

லிட்டில் இந்தியா நமக்கு நெகிழ்ச்சி. சென்னைப் பிள்ளைக்கு அது இன்னொரு தி.நகர். சாப்பாட்டுக்கு டெக்கா சென்டர் போங்கள், சாப்பிட்ட தட்டை நாமேதான் திருப்பி வைக்க வேண்டும். சுற்றுவதற்கு புகிஸ் ஸ்ட்ரீட், ஹாஜி லேன் பக்கம் இரண்டு மணி நேரம் அவர்களைத் தனியாக விடுங்கள். பயணத்திலேயே அவர்களுக்கு மிகப் பிடிப்பது அதுவாக இருக்கலாம். ஆளுக்கு ஓர் எம்ஆர்டி கார்டு வேண்டும், ஒரே கார்டை இரண்டு பேர் தட்ட முடியாது. சந்திக்கும் இடமாக 'புகிஸ் ஸ்டேஷன்' என்று மட்டும் சொன்னால் ஆளுக்கொரு வாசலில் நிற்பீர்கள்; எக்ஸிட் எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் 500 வெள்ளிவரை போகலாம். வேப் (இ-சிகரெட்) கையில் வைத்திருப்பதே அங்கே குற்றம். கிளம்பும் முன் பெட்டியையும் பையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சூயிங் கம் உட்பட.

சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் மாலின் 40 மீட்டர் அருவியைத் திரும்பும் நாளுக்கு வையுங்கள். விடியற்காலை விமானத்தில் வந்திறங்கி நேரே அங்கே ஓடினால் அருவி நின்றிருக்கும்.