அம்மாவுக்கு வெள்ளைக் கல்

அம்மாவுக்குச் சிலை செய்ய வேண்டும் என்று ஒரு தம்பி சிற்பியான என்னிடம் வந்தார். "அம்மா நிறத்துக்குக் கருங்கல்தான் எடுப்பா இருக்கும்" என்றேன். "அப்போ வெள்ளைக் கல்லு பெரிய வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தானா சார்?" என்று அந்தத் தம்பி கேட்டார். "அப்படி இல்ல தம்பி, நம்ம வெயில் மழைக்கு அதுதான் தாங்கும்" என்று சமாளித்தேன். சிலை வைக்கப்போவது அவர் வீட்டு முன்னறையில். அங்கே ஏது மழை?

அவர் நீட்டியது ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்கிய படம். அம்மா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். நல்ல கருப்பு. பாம்படம் போட்டு வளர்த்த காது தோள்வரை தொங்குகிறது. மார்பளவுச் சிலை, வெள்ளை மார்பிளில்தான் வேண்டும் என்று மகன் முடிவெடுத்தே வந்திருந்தார்.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மார்பிளில் எலுமிச்சையோ புளியோ பட்டால் மினுமினுப்பு போய்விடும். எண்ணெய் உள்ளே இறங்கினால் மஞ்சள் கறை. நம் வீடுகளில் சிலைக்கு விளக்கு, குங்குமம், மாலை எல்லாம் உண்டு. மக்ரானா என்னும் வெள்ளை மார்பிள் ராஜஸ்தானிலிருந்து வர வேண்டும். கருங்கல் நம் ஊரிலேயே கிடைக்கிறது. அப்புறம், நம் சாமிகளே கருங்கல்லில்தான் இருக்கின்றன. அதைக் குறைவு என்று நினைக்க நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கோபம்கூட வந்தது.

யார் சொல்லிக்கொடுத்தது என்பதும் தெரிந்ததுதான். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கும் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் மார்பிள் சிலை, லண்டன் சிற்பி தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது. 1800-இல் மதராஸில் நிறுவினார்கள். துரை மேலே நிற்கிறார். 1792-இல் திப்புவின் பிள்ளைகள் இருவரைப் பிணையாக ஒப்படைத்த காட்சி கீழே பீடத்தில். செலவழித்துக் கடல் கடந்து கொண்டுவந்த கல்லில் வென்றவரை நிறுத்துவது என்றால் என்னவென்று இந்த ஊர் அப்படித்தான் பார்த்துப் பழகியது.

ஆனால் தஞ்சாவூர் சுவார்ட்ஸ் தேவாலயத்தை நினைத்தால் என் வாதம் ஆட்டம் காண்கிறது. சரபோஜி மன்னரே ஆங்கிலேயச் சிற்பி ஃப்ளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்த மார்பிள் புடைப்புச் சிற்பம் அங்கே இருக்கிறது. சாகக் கிடக்கும் சுவார்ட்ஸின் கையை மன்னர் பிடித்திருக்கிறார். ஜெர்மானியப் பாதிரியார், மராட்டிய மன்னர் இருவருமே ஒரே வெள்ளை. மன்னரின் நிறத்துக்கு அது பொருந்தவில்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் நினைத்ததில்லை. சந்தையில் உட்கார்ந்த அம்மாவுக்கு மட்டும் நிறம் ஏன் என் வாயில் வந்தது? கண்ணில் பட்டது நிறமா, அவர் மகனின் சட்டைப்பையா?

தொழில் பார்வையில்தான் சொன்னேன் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அப்படித் தோன்றாது. மார்பிளில் வெளிச்சம் மேலோட்டமாகவாவது உள்ளே போய்த் திரும்புவதால் கன்னம் நிஜத் தோல்போல இருக்கும் என்பதும் எனக்குத் தொழிலில் தெரிந்ததுதானே. அதை அவரிடம் சொல்லவில்லையே.

அந்தத் தம்பி மார்பிள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். நான் களிமண்ணில் உருவம் செய்து பிளாஸ்டர் எடுத்துக் கொடுத்தேன்; ஜெய்ப்பூரில் செதுக்கினார்கள். மார்பிளில் மெல்லிசாக இழுத்தால் ஒடிந்துவிடும் என்பதால், தொங்கும் காதுக்குப் பின்னால் கல்லைக் குடையாமல் கழுத்தோடு சேர்த்தே விட்டிருந்தார்கள். அவர் அங்கே விரலை விட்டுப் பார்த்து, "இது ஏன் சார் ஒட்டியிருக்கு?" என்றார். காரணத்தைச் சொன்னேன். "சரி சார்" என்றார், அவ்வளவுதான்.

இப்போது யார் வந்தாலும் படத்தைப் பார்க்கும் முன்பே இரண்டு கல்லுக்கும் விலையைச் சொல்லிவிடுகிறேன். "நீங்களே சொல்லுங்க சார், எது நல்லாருக்கும்?" என்று சிலர் விடாமல் கேட்கிறார்கள். அதைச் சொல்வதும் என் வேலைதான். படத்தை வாங்கிப் பார்க்கிறேன். எதை வைத்துச் சொல்கிறேன் என்ற சந்தேகம் போகவில்லை.